பழையதைப் பேணலும் புதியதை நாடலும் – ஓர் அறவியல் நோக்கு

பொருளை உடையவன் எவனும் என்றோ ஒருநாள் எதிர்கொள்ளவேண்டிய வினா ஒன்றுண்டு. கையிலுள்ள பழையதைப் பேணுவதா, அன்றி அதனை நீக்கிப் புதியதொன்றைக் கொள்வதா என்பதே அவ்வினா. வீடு, தளபாடம், கைபேசி, மிதிவண்டி என யாவற்றிலும் எழும் இவ்வினா, மேலோட்டமாகப் பணத்தைப் பற்றியது போலத் தோன்றினும், அடிப்படையில் அறத்தைப் பற்றியதாகும். இதனை ஆராய்வதற்கு அத்தியாவசியப் பொருளைக் காட்டிலும் ஆடம்பரப் பொருளே ஏற்றது. அத்தியாவசியப் பொருளைப் பொறுத்தவரை தேவை முந்திக்கொண்டு தீர்ப்பைக் கூறிவிடுகின்றது. ஆடம்பரப் பொருளிலோ ஆசையும் நினைவும் கடமையும் தத்தம் வழக்கைத் தாமே வாதாடவேண்டியுள்ளன. எனவே, இருவர் மட்டுமே அமரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருந்தும்.

கிருலப்பனையில் ஹைலெவல் வீதியிலிருந்து உட்செல்லும் ஒழுங்கையொன்றில் வாழும் குடும்பத் தலைவர் ஒருவரைக் கற்பனை செய்க. அவரது வீட்டு முற்றத்துக் கொட்டகையில் 1968ஆம் ஆண்டு எம்.ஜி.பி. கார் ஒன்று நிற்கின்றது. இங்கிலாந்தில் பொறியியல் பயின்று மீண்ட அவருடைய தந்தையார் கப்பலில் கொண்டுவந்த கார் அது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் வாகனங்களும் எரியூட்டப்பட்டபோது, அயல்வீட்டுச் சிங்களவர் ஒருவர் அதனைத் தமது கராஜினுள் தள்ளிக் கதவைப் பூட்டியமையால் அது தப்பியது. தந்தையார் இன்று இல்லை. அந்த அயலவரும் இல்லை. கார் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலிமுகத்திடல்வரை சென்று மீள்கின்றது. மழை பெய்தால் கூரைத்துணி ஒழுகும். நெரிசலில் நின்றால் இயந்திரம் கொதிக்கும். கணினித்துறையில் தொழில்புரியும் மகனோ, "இதை வைத்திருந்து என்ன செய்யப் போகிறீர்கள், அப்பா? விற்றுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுப்போம்" என்கிறான். கேள்வியில் குற்றமில்லை. விடைதான் எளிதன்று.

அவர்முன் மூன்று வழிகள் உள்ளன. காரை விற்று யப்பானியப் புதுக் காரொன்றை வாங்குவது முதலாவது வழி. உடலை வைத்துக்கொண்டு உள்ளே யப்பானிய இயந்திரமொன்றைப் பொருத்துவது இரண்டாவது. உள்ளதை உள்ளவாறே பேணுவது மூன்றாவது. இவற்றுள் எது சரியானது என்பதை ஆராயுமுன், இத்தெரிவு இந்நாட்டில் எவ்வாறு எழுந்தது என்பதையும் நோக்கவேண்டும்.

இலங்கையில் பழைய கார்கள் நீண்டகாலம் உயிர்வாழ்ந்தமைக்கு உடைமையாளரின் பற்றுமட்டும் காரணமன்று. 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிகள் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. புதியது கிடையாதபோது பழையதைத் திருத்துவதே ஒரே வழியாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் யப்பானிய வாகனங்கள் பெருகின. பின்னர், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுகளின் பின், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது. ஆகவே, பலருடைய 'பற்று' உண்மையில் வேறு வழியின்மையாகவே இருந்தது. வழியில்லாதவன் பேணுவதை அறம் என்று புகழ்தல் பொருந்தாது. வழி திறந்தபின்பும் ஒருவன் பேணுவானாயின், அப்பொழுதே அது தெரிவாகின்றது; தெரிவாகும்போதே அறவியலின் எல்லைக்குள் வருகின்றது.

இனி இரண்டாவது வழியை முதலில் ஆராய்தல் தகும். ஏனெனில், பழையதையும் விடாது புதியதையும் இழக்காது இரண்டையும் பெற்றுவிடலாம் என்ற நம்பிக்கையை அது தருகின்றது. இயந்திரத்தை மாற்றியபின் நிற்பது தந்தையாரின் கார்தானா? இது பழைமையான மெய்யியற் பிரச்சினை. தீசியசின் கப்பலில் உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் புதியன பொருத்திவந்தபோது அது அதே கப்பல்தானா என ஏதென்சின் மெய்யியலாளர் வாதிட்டதைப் புளூட்டாக் குறிப்பிடுகிறார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல் என்று 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் வினவினார். கொழும்பிலே பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளைக் கண்டவர்க்கு ஹொப்சின் வினா வெறுங்கற்பனையாகத் தோன்றாது. ஒரு காரின் கதவும் இன்னொன்றின் கியர்ப்பெட்டியும் வேறொன்றின் விளக்கும் அங்கே புதிய பிறவிக்காகக் காத்துக் கிடக்கின்றன.

இலங்கையிற் பேணப்பட்டு வந்த பாளி மரபிலும் இதே வினா உண்டு. மிலிந்த பஞ்ஹவில் நாகசேனர் மன்னன் மிலிந்தனை நோக்கி, அவன் ஏறிவந்த தேர் எது என வினவுகிறார். அச்சா, சில்லா, நுகமா? இவற்றுள் எதுவும் தேரன்று. இவற்றுக்குப் புறம்பாகவும் தேரில்லை. உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்பது அவ்வுரையாடலின் முடிபு. இக்கருத்தை ஏற்பின், இயந்திரத்தை மாற்றுவதால் இழக்கப்படுவது எதுவுமில்லை என்று மகன் வாதிடலாம்.

ஆனால் பெயர்மட்டும் போதுமா? எம்.ஜி. என்ற பெயரின் வரலாறே இதற்கு விடை பகர்கின்றது. ஒக்ஸ்போட்டின் மொறிஸ் கராஜஸ் என்ற நிறுவனத்தின் முதலெழுத்துகள் அவை. எம்.ஜி.பி. கார்கள் 1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து இலட்சத்துக்கு மேல் உருவாக்கப்பட்டன. 1980இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. 2005இல் பெயர் சீனாவின் நான்ஜிங் நிறுவனத்தையும், பின்னர் 2007இல் அதனோடு இணைந்த ஷங்காய் நிறுவனத்தையும் அடைந்தது. அதே எண்கோணச் சின்னத்தைத் தாங்கிய மின்சாரக் கார்களை இன்று கொழும்பு வீதிகளிற் காணலாம். தொழிலாளர் வேறு, நாடு வேறு, இயந்திரமே இல்லை. பெயர் மட்டும் அதே. இதனைத் தொடர்ச்சி என எவரும் மனமொப்பிக் கூறுவாரா என்பது ஐயமே.

அப்படியாயின் ஒரு பொருளின் தன்மையைக் காப்பது எது? இவ்வினாவை ஆங்கில நீதிமன்றமொன்று 1990இல் ஒரு காரைப் பற்றியே தீர்க்கவேண்டியிருந்தது. 1929ஆம், 1930ஆம் ஆண்டுகளில் லெமான்ஸ் ஓட்டப்போட்டியில் வென்ற 'ஓல்ட் நம்பர் வன்' என்னும் பென்ட்லி காரை ஒரு கோடி பவுணுக்கு வாங்க உடன்பட்டவர்கள், அது உண்மையான கார் அன்று எனக் கூறிப் பின்வாங்கினர். போட்டியில் வென்ற காலத்து உறுப்புகளில் மிகச் சிலவே அதில் எஞ்சியிருந்தன. ஆயினும் நீதியரசர் ஒட்டன் அதனை அதே கார் என்றே தீர்த்தார். ஒருபோதும் அது இல்லாதொழிந்து பின் புதிதாய் உருவாக்கப்படவில்லை; படிப்படியாக மாறிமாறி வந்தது; அதன் வரலாறு அறுபடவில்லை என்பதே அவர் கண்ட காரணம். உறுப்பும் அன்று, பெயரும் அன்று, அறுபடாத வரலாறே பொருளுக்கு அடையாளம் என்னும் இக்கொள்கை, நாகசேனரின் கூற்றுக்கு முரணானதன்று. பொருளுக்குள் நிலையான ஆன்மாவொன்று இல்லை என்பதை இரண்டும் ஏற்கின்றன. அடையாளம் என்பது மனிதர் அப்பொருளோடு தொடர்ந்து கொண்டுவந்த உறவிலேயே தங்கியுள்ளது என்பதே இவற்றிலிருந்து பெறப்படும்.

எனவே மாற்றம் என்பது தன்னளவில் துரோகமன்று. கிருலப்பனைக் காரின் ரயர்களும் பற்றறியும் பலமுறை மாறியிருக்கும். எந்த மாற்றம் உறவைத் தொடர்கின்றது, எது அதனை அறுக்கின்றது என்பதே கேட்கப்படவேண்டியது. இதற்கு விடைகாண, மாற்றத்தின் காரணத்தை நோக்கவேண்டும். மாற்றங்கள் இருவகைப்படும். பிறர்பொருட்டுச் செய்யப்படுவன ஒருவகை. பிறரைப் பார்த்துச் செய்யப்படுவன மற்றொருவகை.

பிறரைப் பார்த்துச் செய்யப்படும் மாற்றத்தை முதலில் எடுத்துக்கொண்டால், அமெரிக்கப் பொருளியலறிஞர் தோர்ஸ்டீன் வெப்ளன் 1899இலேயே அதன் இயல்பை விளக்கிவிட்டார். பொருளின் பயனுக்காகவன்றி, அதனை உடையவரின் தகுதியைக் காட்டுவதற்காக நுகரும் வழக்கத்தை அவர் எடுத்துக்காட்டினார். 1920களில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் அல்பிரட் ஸ்லோன் ஆண்டுதோறும் காரின் தோற்றத்தை மாற்றும் முறையைப் பெருக்கினார். ஓடிக்கொண்டிருக்கும் காரையே அதன் உரிமையாளர் பழையதெனக் கருதி மனங்குறைவதற்கு அம்முறை வழிவகுத்தது. காரில் பழுதில்லை, பழுது மனத்தில் உண்டாக்கப்பட்டது.

ஸ்போர்ட்ஸ் காரில் இது இன்னும் வெளிப்படை. இலங்கையின் அதிவேக நெடுஞ்சாலையிலேயே உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர்தான். 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள எம்.ஜி.பி. இயந்திரமே அதனை எளிதாகக் கடக்கும். புதிய கார் மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேலும் ஓடக்கூடும். ஆனால் பேஸ்லைன் வீதி ஹைலெவல் வீதியைச் சந்திக்கும் இடத்தில் மாலை நேரத்தில் இரண்டும் ஒரே பஸ்ஸின் பின்னால் நிற்கும். அவ்விடத்து மேலதிக வேகம் என்பது பயன்பாட்டுப் பெறுமதி அற்றது. ஒப்பீட்டுப் பெறுமதி மட்டுமே உடையது. ஒப்பீட்டுக்கோ எல்லையில்லை. அடுத்த ஆண்டு வேறொருவரின் கார் வந்து நிற்கும்போது இன்றைய புதியது பழையதாகிவிடும். அவாவை எவ்வளவு நிரப்பினும் நிறையாத இயல்பினது என வள்ளுவர் கண்டதும் இதனையே.

பிறர்பொருட்டுச் செய்யப்படும் மாற்றம் இதனின்று முற்றாக வேறுபட்டது. 1959இல் வொல்வோ நிறுவனத்தின் நில்ஸ் பொஹ்லின் மும்முனை ஆசனப்பட்டியை உருவாக்கியபோது, அக்கண்டுபிடிப்பைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த அந்நிறுவனம் இடமளித்தது. ஈயம் கலந்த பெற்றோல் சிறுவரின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது உணரப்பட்டபின், நாடுகள் அதனை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இலங்கை 2002இல் கைவிட்டது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் அதன் விற்பனையை நிறுத்தியது. ஈயமற்ற பெற்றோலில் நீண்டகாலம் ஓடுவதாயின், பழைய இயந்திரத்தில் வால்வு அமரும் வளையங்கள் கடினமான உலோகத்தாலானவையாக மாற்றப்படவேண்டும். இதனை 'பழைமையைக் கெடுத்தல்' என எவரும் வெறுக்க நியாயமில்லை. ஒழுங்கையில் விளையாடும் பிள்ளையின் சுவாசத்தைவிடப் பழைமை பெரிதன்று.

பிறேக்கும் அவ்வாறே. அக்காலத்துப் பிரித்தானிய எம்.ஜி.பி. கார்களில் பிறேக் எண்ணெய் ஒரே சுற்றில் ஓடியது. ஒரு குழாயில் ஒழுக்கு ஏற்பட்டால் நான்கு சில்லுகளும் பிடியிழக்கும். இரட்டைச் சுற்று முறையைப் பொருத்தினால் ஒன்று பழுதாயினும் மற்றொன்று காக்கும். அந்த மாற்றத்தைச் செய்யாது 'அப்பா ஓட்டியவாறே வைத்திருக்கிறேன்' எனப் பெருமைகொள்பவர், தம் நினைவின் செலவைப் பாதசாரியின் தலையில் சுமத்துகின்றார். இது பற்றன்று, தன்னலத்தின் மற்றொரு வடிவம்.

இவ்விடத்துப் பழைமைபேணுவோர்க்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. புதியதை வாங்குவோர் மட்டுமே பிறரைப் பார்த்து நடப்பவர் என எண்ணுதல் தவறு. அரியதொன்றைத் தாம் மட்டுமே வைத்திருப்பதாகக் காட்டுவதற்காகப் பழைய காரைத் துடைத்துத் துணியால் மூடி, விலை ஏறும்வரை காத்திருப்பவரும் அதே சந்தையில்தான் நிற்கின்றார். ஒருவர் புதுமையைக் காட்டி உயர நினைக்கின்றார். மற்றவர் பழைமையைக் காட்டி உயர நினைக்கின்றார். இருவரிடத்தும் கார் ஒரு கண்ணாடியே; அதில் அவர்கள் காண்பது தம் முகத்தையே.

அவ்வாறாயின், பழையதைப் பேணுவதில் உண்மையான நன்மை எங்குள்ளது? அது பொருளில் இல்லை. பேணுதல் என்னும் செயலில் உள்ளது. இதற்கு ஈழத்தமிழரின் அண்மை வரலாற்றிலேயே சிறந்த சான்றுண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அப்போது அங்கே ஓடியவை மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலான பழைய கார்களே. சில துளி பெற்றோலைக் காபறேற்றரில் விட்டு இயந்திரத்தை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அழுத்த விகிதம் குறைந்த, எளிய அமைப்புடைய அவ்வியந்திரங்கள் அதனைப் பொறுத்துக்கொண்டன. நோயாளரும் கருவுற்ற தாய்மாரும் அக்கார்களிலே வைத்தியசாலை சென்றனர். அவற்றை ஓடச்செய்தது இரும்பு மட்டுமன்று. பல ஆண்டுகள் அவற்றைத் திறந்து, தொட்டு, திருத்திப் பழகிய மனிதரின் கையறிவுமாகும்.

ஒஸ்ரின் கேம்பிறிட்ஜின் இயந்திரமும் எம்.ஜி.பி.யின் இயந்திரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 2014வரை இந்தியாவில் உருவாக்கப்பட்ட அம்பாசடர் காரும் பல்லாண்டுகள் அக்குடும்பத்து இயந்திரத்தையே கொண்டிருந்தது. எனவே கிருலப்பனைக் காரைத் திருத்தும் மெக்கானிக்கின் அறிவு, ஒரு செல்வரின் விளையாட்டுப் பொருளைப் பற்றியது மட்டுமன்று. காபறேற்றரின் ஓசையைக் காதால் கேட்டே அளவைச் சரிசெய்யும் அந்தக் கலை, பழைய வாடகைக் கார்ச் சாரதியும் யாழ்ப்பாணத்து மெக்கானிக்கும் பகிர்ந்துகொண்ட பொதுச்சொத்து. யப்பானிய இயந்திரத்தைப் பொருத்தும்போது இழக்கப்படுவது இதுவே. கார் அதே கார்தான் என நீதிமன்றம் கூறக்கூடும். ஆனால் கைக்கும் பொருளுக்கும் இருந்த உறவு அங்கே முடிந்துவிடுகின்றது.

திருக்குறளின் பொருட்பாலில் அதிகார வைப்பை நோக்குமிடத்து இதற்கு ஒளி கிடைக்கின்றது. 80ஆம் அதிகாரம் நட்பாராய்தல். 81ஆம் அதிகாரம் பழைமை. 82ஆம் அதிகாரம் தீ நட்பு. ஆராய்ந்து கொள்க, கொண்டபின் நீண்டகால உறவின் உரிமையால் வரும் பிழைகளைப் பொறுக்க, எனினும் தீமை தருவதாயின் நீங்குக என்னும் ஒழுங்கு இவ்வைப்பிலே புலப்படுகின்றது. மனித நட்புக்குக் கூறியதைக் காருக்குப் பொருத்தலாமா எனில், முற்றாகப் பொருத்தவியலாது. இரும்புக்கு வருத்தம் இல்லை. கைவிடப்பட்டதாக அது உணராது. ஆனால் அப்பொருளோடு பிணைந்த மனிதர் உளர். கப்பலில் அதனைக் கொண்டுவந்த தந்தையார், கலவர நாளில் கதவைப் பூட்டிய அயலவர், வாரந்தோறும் எண்ணெய்க் கையுடன் வரும் மெக்கானிக் ஆகியோர்க்கு உரிய நன்றிக்கடனை அக்கார் நினைவூட்டிக்கொண்டிருக்கின்றது. எனினும் நன்றிக்கடன் காரில் மட்டுமே தங்கியிருக்கவேண்டும் என்பதுமில்லை. அயலவரின் பிள்ளைகளோடு பேச்சுவார்த்தையின்றி, அவர் காத்த காரை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பவர் நினைவுச்சின்னத்தை வைத்துக்கொண்டு நினைவை இழந்தவராவார்.

2022இல் மக்கள் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாட்டில், ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிய ஆராய்ச்சியே ஆடம்பரமன்றோ எனச் சிலர் வினவலாம். அவ்வாண்டு கியூ.ஆர். முறையின்கீழ் காருக்கு வாரம் 20 லீற்றரும் மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை உலாவுக்காக எரியும் ஒவ்வொரு லீற்றரும் அந்நாட்களில் அறக்கேள்வியாகவே இருந்தது. இவ்வாட்சேபம் வலுவானதே. ஆயினும் அது பழைய காருக்கு மட்டும் எதிரானதன்று. புதியதை வாங்குவதற்கு இன்னும் கூடுதலாக எதிரானது. ஒரு புதுக் காருக்காக நாட்டைவிட்டு வெளியேறும் அந்நியச் செலாவணியும், அதனை உருவாக்குவதற்காக வேறெங்கோ உருக்கப்படும் உருக்கும் கண்ணுக்குத் தெரியாத எரிபொருட்களே. அன்றாடம் நெடுந்தூரம் ஓடவேண்டியவர்க்குச் சிக்கனமான புதிய வாகனமே நியாயமாகலாம். வாரத்தில் ஒருமுறை மட்டும் ஓட்டுபவர்க்கு அந்நியாயம் பொருந்தாது.

இவ்வாறு நோக்குமிடத்து, கிருலப்பனைக் குடும்பத் தலைவருக்கான விடை ஓரளவு தெளிவாகின்றது. பிறேக்கை அவர் மாற்றவேண்டும், ஆசனப்பட்டியைப் பொருத்தவேண்டும், பழைய மின்கம்பிகளையும் வால்வு வளையங்களையும் புதுப்பிக்கவேண்டும். இவை பிறர்பொருட்டான மாற்றங்கள். இவற்றில் அவருக்குத் தெரிவே இல்லை. வேகத்திற்காகவும் பளபளப்பிற்காகவும் காரை விற்கவோ இயந்திரத்தை மாற்றவோ வேண்டியதில்லை. அவை பிறரைப் பார்த்து எழுபவை. எல்லாவற்றுக்கும் மேலாக, மகனை ஒருநாள் அருகில் இருத்திக் காபறேற்றரைத் திறந்து காட்டவேண்டும். ஏனெனில் மகனின் கேள்வி காரை வெறுப்பதனால் எழுந்ததன்று. அதனை அறியாமையால் எழுந்தது. கையால் தொடாத பொருள் எவர்க்கும் விலையாகவே தோன்றும்.

கற்றபின்னும் மகன் அதனை விரும்பவில்லையாயின், பேணத் தெரிந்த வேறொருவரின் கையில் அதனை ஒப்படைப்பதே முறையாகும். பேணும் ஆற்றலும் மனமும் இல்லாத இடத்தில் உரிமை என்பது பூட்டு மட்டுமே. ஒப்படைத்தலும் பேணுதலின் ஒரு பகுதியே.

மொழி, வழக்கம், நிறுவனம், கொள்கை என மனிதர் மரபாகப் பெற்ற எதனைப் பற்றியும் இவ்வினா எழும். பழைமை என்பதால் ஒன்று காக்கப்படவேண்டியதுமன்று. புதுமை என்பதால் ஒன்று கொள்ளப்படவேண்டியதுமன்று. பிறர்பொருட்டு மாறுக, பிறரைப் பார்த்து மாறற்க. இவ்விரண்டையும் வேறுபிரித்தறியும் நேர்மை ஒருவரிடம் இருக்குமாயின், கொட்டகையில் நிற்பது பழைய காராயினும் புதிய காராயினும் அவருடைய தீர்ப்பிற் பிழை நேராது.